நாகரத்தினத்தின் கோள்

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி:
நிலவில் ஒரு பொருளின் எடை
தொண்ணூற்றெட்டு நியூட்டன்.
அதன் நிறை என்ன?

ஒன்பது புள்ளி எட்டால் வகுத்தேன்.
பிசிறில்லாமல் பத்து வந்தது.
பிசிறில்லாததால் நம்பி
அடிக்கோடும் போட்டேன்.

நிலவில் நின்றுகொண்டு பூமியால் வகுத்திருக்கிறாய்
என்று சிவப்பு மையில் எழுதி
மூன்று மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டார்கள்.
அந்த வருடத்தோடு படிப்பு நின்றது.
காரணம் அந்தக் கணக்கு இல்லை.

இப்போது சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறேன்.
விரல்களில் துணி சுற்றி
சேலைக்கு மேல் சட்டை போட்டு
குருசடைப் பக்கம் மூழ்கினால்
ஈர மூட்டை தண்ணீருக்குள்
பூனைக்குட்டி போலக் கூடவே வரும்.
தூக்குவதற்கு ஒன்றுமில்லை.
அலை ஒன்று பக்கவாட்டில் தள்ளட்டும்,
அதே மூட்டை நிற்க மறுக்கும்.
என்னையும் இழுத்துப்போய்ப் பாரில் தேய்க்கும்.
எடை தொலைந்த இடத்திலும்
நிறை தொலையவில்லை.
தோளில் சிராய்ப்பு.
உப்பு அதைச் சரிபார்க்கும்.

நாலு நாள் வெயிலில் காயவைத்து
மண் உதறி
நாகரத்தினம் கொட்டகைக்குக் கொண்டுபோவோம்.
அங்கே உத்திரத்தில் ஸ்பிரிங் தராசு.
என் மரிக்கொழுந்துப் பாசி
இருபத்துநாலு புள்ளி ஆறு.
அமலோற்பவம் கொண்டுவந்தது
பதினாறு புள்ளி நாலு.
முள் ஆடி நிற்பதற்குள்
நோட்டில் எழுதிவிடுவார்.

எடுக்கிறவர் சொல்வது எடை.
நிறை யாரும் சொல்லி வருவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை
சீல் உடைக்காத லிட்டர் தண்ணீர் பாட்டில்
ஐந்தை ஒரு பையில் போட்டு
கொக்கியில் மாட்டினேன்.
நாலு புள்ளி ஒன்று.

ஒரு லிட்டர் ஒரு கிலோ.
குடத்தை விலைக்கு வாங்கிச் சுமக்கிற ஊரில்
இதை எந்தப் புத்தகமும் சொல்ல வேண்டாம்,
இடுப்பு சொல்லும்.

“அண்ணே, பூமியில ஒன்பது புள்ளி எட்டு.
ஒங்க கொட்டகையில எட்டுதான் இருக்கு.”
“என்னது எட்டு?”
“ஈர்ப்பு.”
“உப்புக்காத்துல துருப்பிடிச்சிருக்கும்” என்றார்.
இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட
கூடக் காட்டத் தெரியாத துரு.

வீட்டில் பழைய புத்தகத்தின் பட்டியலைப் பார்த்தேன்.
செவ்வாய்க்கு மூன்று புள்ளி ஏழு.
வெள்ளிக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே.
எட்டு என்று எந்தக் கோளும் இல்லை.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தால்
சத்தம் கேட்கிற தூரத்தில்
கீற்று வேய்ந்த ஒன்று
தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
மாதம் பன்னிரண்டு நாள்
தலையில் மூட்டையோடு அதில் இறங்குகிறோம்.
முப்பது கிலோவோடு இறங்கி
இருபத்துநாலரைக்குக் காசு வாங்கித் திரும்புகிறோம்.

எட்டால் வகுக்க வேண்டியதை
ஒன்பது புள்ளி எட்டால் வகுக்கிற முள்.
அது என் தப்பு.
நான் செய்தபோது மூன்று மதிப்பெண் போனது.
அவர் செய்தால் வியாபாரம்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனோம்.
அமலோற்பவத்துக்குக் கணக்குச் சொன்னேன்:
அவர் சொல்வதைப் புள்ளி எட்டு இரண்டால் வகு.
“அப்ப என்னோடது இருபதா?”
இருபது.
அவள் ஒன்றும் பேசவில்லை.
விரல் துணியை அவிழ்த்து
திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது.
மூட்டையைக் கீழேயே விட்டுவிட்டு
இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து
காலை மடக்கித் தொங்கினேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
நாற்பத்தொன்பது.
மனதுக்குள் வகுத்தேன்,
அறுபதுக்கு மயிரிழை குறைவு.

நிலவுக் கணக்கின் விடையும் அறுபதுதான்,
கொஞ்சம் பிசிறோடு.

கை வலித்தது. விடவில்லை.
நாகரத்தினம் பேனாவைத் திறந்தார்.
“இருங்கண்ணே” என்றேன்,
“முள்ளு நிக்கட்டும்.
நின்னதும் எழுதுங்க.”